கழிவு காசான கதை: நம் தோட்டப்புறங்கள் கற்பிக்கும் பாடம்



ஆண்டுதோறும் மறுசுழற்சியைப் பற்றி மாணவர்கள் எழுதும் கட்டுரைகளைத் திருத்தி வருகிறேன். நெகிழிப் புட்டியைப் பூச்சாடியாக்கலாம், பழைய நாளிதழைப் பைகளாக்கலாம் என்று பிள்ளைகள் அழகாகவே எழுதுகிறார்கள். ஆயினும் எல்லாக் கட்டுரைகளும் ஏறத்தாழ ஒரே கட்டுரையாகவே இருக்கின்றன. வேண்டாம் என்று எறியப்பட்ட ஒரு பொருள் எவ்வாறு வேண்டிய பொருளாகிறது, அதற்கு என்ன தேவை, யார் உழைக்கிறார்கள், யார் பயன் பெறுகிறார்கள் என்னும் கேள்விகள் அவற்றில் எழுவதில்லை.

இக்கேள்விகளுக்கு விடை தேட அயல்நாட்டு எடுத்துக்காட்டுகள் வேண்டியதில்லை. நம் பாட்டன் பாட்டிமார் வாழ்ந்து உழைத்த ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் இதற்குச் சிறந்த பாடநூல்கள். ஒரு நூற்றாண்டுக் காலத்தில் அங்கே எறிந்தவையும் எரித்தவையும் ஒவ்வொன்றாகப் பயனுக்கு வந்தன. அந்த வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

லயத்து வீட்டின் கழுநீர்

தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோரிடம் குப்பை என்று ஒதுக்குவதற்கு அதிகம் இருந்ததில்லை. அரிசி களைந்த நீரும் காய்கறித் தோலும் கழுநீர்த் தொட்டிக்குச் சென்றன; அங்கிருந்து மாட்டின் வயிற்றுக்குச் சென்றன. மாட்டின் சாணம் வாசல் தெளிக்கவும் வீட்டருகே போட்ட கீரைப்பாத்திக்கும் வாழைக்கும் உதவியது. விறகடுப்பின் சாம்பல் பாத்திரம் துலக்கியது. காய்ந்த ரப்பர்க் கிளைகள் அடுப்பெரித்தன. தென்னையோலையின் ஈர்க்கு விளக்குமாறாயிற்று. மாடு வளர்த்தவர்கள் அருகிலிருந்த பட்டணத்துக்குப் பால் கொண்டுசென்று விற்று, தினக்கூலியோடு சிறிது சேர்த்துக்கொண்டார்கள்.

இதனைப் பொற்காலமாக வருணிக்க எனக்கு விருப்பமில்லை. அவர்கள் எதையும் வீணாக்காததற்கு வறுமையே முதற்காரணம். எனினும் அந்த வாழ்க்கையில் ஓர் ஒழுங்கு இருந்தது. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு என்பதை எழுத்தறியாத பாட்டிகளும் அன்றாடம் நடத்திக் காட்டினார்கள். தோட்ட நிருவாகங்களும் ஆலைகளும் அதே உண்மையைப் பெரிய அளவில் கற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின.

மங்கில் உறைந்த பால்

1876-இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் கொண்டுசென்ற ரப்பர் விதைகள் இலண்டனின் கியூ தாவரத் தோட்டத்தில் முளைத்தன. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை வந்தடைந்தன. 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் மலாயாவெங்கும் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து நம் முன்னோரும் பெருந்திரளாக வந்து சேர்ந்தனர்.

பால் வெட்டுத் தொழிலில் முதல் மதிப்பு திரவப் பாலுக்கே. வெட்டியபின் மங்கில் வடியும் பாலை முற்பகலில் வாளிகளில் சேகரித்து ஆலைக்கு அனுப்புவார்கள். ஆனால், சேகரித்த பின்னரும் மரம் சிறிது நேரம் சொட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பால் மங்கிலேயே உறைந்து கட்டியாகிவிடும். அதுவே கட்டிப்பால். வெட்டுக்கோட்டில் படிந்து காய்ந்த பால் மெல்லிய நாடாபோல் ஒட்டியிருக்கும். தரையில் சிந்தி மண்ணோடு கலந்த பாலும் உண்டு. மறுநாள் காலையில் மரத்தை வெட்டுமுன் நாடாவை உரித்து, மங்கிலுள்ள கட்டியை எடுத்துத் தனிப்பையில் போடவேண்டும். நாற்றம் பிடித்த அந்தப் பையும் தொழிலாளியின் சுமைதான். அதற்குத் தனியாக நிறுவை உண்டு. கூலி மட்டும் குறைவு. சந்தையிலும் அது தரம் தாழ்ந்த சரக்கு. அதைக் கழுவி அரைத்துப் பழுப்பு நிறக் கிரேப் ரப்பராக மலிவாக விற்றார்கள்.

இந்நிலையை மாற்றியது அறிவியல். 1925-இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் அறிவியலாளர்கள், உறைந்த ரப்பரைச் சிறு துகள்களாக நொறுக்கிக் கழுவி, வெப்பக்காற்றில் உலர்த்தி, கட்டிகளாக அழுத்தும் முறையை 1960-களில் உருவாக்கினர். 1965-இல் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் ரப்பரின் தரத்தைக் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டனர். பளிங்குபோன்ற தகடு உயர்ந்தது, கறுத்த கட்டி தாழ்ந்தது. புதிய திட்டத்திலோ அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து தரம் குறித்தார்கள். நிறம் பார்த்து ஒதுக்கப்பட்ட கட்டிப்பால், டயர் செய்வதற்கு ஏற்ற மூலப்பொருளென்று உறுதியாயிற்று. இன்று மலேசியாவில் உற்பத்தியாகும் இயற்கை ரப்பரின் பெரும்பகுதி கட்டிப்பாலிலிருந்தே கிடைக்கிறது. ஒரு காலத்தில் மிச்சம் மீதியாக இருந்தது இன்று முதன்மைச் சரக்கு.

பொருள் மாறவில்லை; அதனை அளக்கும் முறை மாறியது. மாணவர்களுக்கு நாம் எடுத்துக்கூற வேண்டிய முதற்பாடம் இதுவே.

அடுப்புக்குப் போன மரம்

ரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் வரை பயனுள்ள அளவில் பால் தரும். பின்னர் அதை வெட்டி மறுநடவு செய்யவேண்டும். வெட்டிய மரம் நீண்ட காலம் வெறும் விறகாகவே கருதப்பட்டது. தகடுகளுக்குப் புகையூட்டும் கொட்டகைகளிலும் செங்கற்சூளைகளிலும் அது எரிந்தது. 1967-இல் பிறையில் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா உருக்காலையின் ஊதுலைக்கு ரப்பர் மரக்கரி எரிபொருளாயிற்று. இவற்றுக்கும் போக எஞ்சியதைத் தோட்டத்திலேயே குவித்துத் தீயிட்டனர்.

மரத்தச்சர் இதனைத் தொடாததற்குக் காரணம் உண்டு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாள்களுக்குள் பூஞ்சை பற்றி நீலக்கறை படியும். துளைப்பான் வண்டுகள் நுழைந்து மரத்தை மாவாக்கிவிடும். கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சி நிலையம் முதலியவற்றின் ஆய்வுகள் இதற்கு வழிகண்டன. மரத்தை வெட்டியவுடன் தாமதமின்றி அறுத்து, காற்று நீக்கிய உருளையிலிட்டு அழுத்தத்தால் போரான் உப்புக்கரைசலை உள்ளே செலுத்தி, சூளையில் உலர்த்தினால் பூச்சியும் பூஞ்சையும் அண்டுவதில்லை. மரம் குட்டையாகவும் வளைந்தும் இருப்பதால் நீண்ட பலகை கிடைக்காது என்னும் குறையைச் சிறு துண்டுகளைப் பற்பற்றாக இணைத்து ஒட்டும் முறை தீர்த்தது.

1980-களில் இளமஞ்சள் நிறமான இந்த மரம் வெளிநாட்டுச் சந்தைகளில் ‘மலேசிய ஓக்’ என்னும் பெயருடன் உலா வந்தது. ஜொகூரின் மூவார் நகரம் அறைகலன் தொழிலின் மையமாக வளர்ந்தது. நாட்டின் மர அறைகலன் ஏற்றுமதியில் ரப்பர் மரமே முதலிடம் வகிக்கிறது. உங்கள் வீட்டு உணவுமேசை ரப்பர் மரத்தால் ஆனதாக இருக்கலாம். பிள்ளைகளை அழைத்து அதைத் தொட்டுக் காட்டுங்கள். காட்டு மரமொன்று வெட்டப்படாமல் தப்பியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நூறு டன்னில் இருபது

செம்பனையின் கதை இதனினும் பெரிது. 1917-இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே செம்பனையை வணிக முறையில் பயிரிட்டார். 1960-களிலிருந்து ரப்பரை அகற்றிச் செம்பனை நடுவது விரைவாகப் பெருகியது.

100 டன் செம்பனைக் குலை ஆலைக்குள் சென்றால் எண்ணெயாக வெளிவருவது ஏறத்தாழ 20 டன். பருப்பு 5 டன். பழம் உதிர்ந்த வெற்றுக்குலை 22 டன் அளவில் எஞ்சும். நார் 13 டன், ஓடு 6 டன். நீராவியும் கழுவும் நீரும் கலப்பதால் 60 டன்னுக்கும் மேற்பட்ட கழிவுநீர் சேரும். ஆக, செம்பனை ஆலை என்பது எண்ணெயை விடக் கழிவை அதிகமாக உற்பத்தி செய்யும் ஆலை!

நாரும் ஓடும் தொடக்கத்திலிருந்தே ஆலையின் கொதிகலனில் எரிந்து, ஆலைக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் தந்தன. மிஞ்சிய ஓடு தோட்டச் சாலைகளில் பரப்பப்பட்டது. பருப்பைப் பிழிந்த புண்ணாக்கு மாட்டுத்தீவனமாகிக் கப்பலேறியது. எள்ளுப் புண்ணாக்கும் கடலைப் புண்ணாக்கும் அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

வெற்றுக்குலையை முதலில் எரித்துச் சாம்பலாக்கினார்கள். அந்தச் சாம்பலில் பொட்டாசியம் மிகுதி, நல்ல உரம். ஆனால், ஈரமான குலை எரியும்போது அடர்ந்த வெண்புகை எழுந்து சுற்றுப்புறத்தைச் சூழ்ந்தது. காற்றுத்தூய்மை விதிகள் வந்தபின் எரியுலைகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. குலைகளை மரங்களுக்கிடையே பரப்பினால் அவை மெல்ல மக்கி ஊட்டம் தருகின்றன. மண்ணின் ஈரத்தையும் காக்கின்றன. ஒரு ஹெக்டருக்கு 40 டன் வரையில் இவ்வாறு இடுவதுண்டு. தடித்த குவியலாகப் போட்டால் ஈக்கள் பெருகும். ஆகவே ஒற்றை அடுக்காகப் பரப்பவேண்டும். பயன்படுத்தும் முறை பிழையானால் வளமும் தொல்லையாகும் என்பதற்கு இது சான்று.

ஆற்றைக் காத்த சட்டம்

கழிவுநீர்தான் மிகக் கடினமான சிக்கல். அதில் நஞ்சு இல்லை. எண்ணெய்ப் பிசுக்கும் பழச்சதையும் நுண்ணிய நாருமே இருந்தன. ஆனால், அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஆற்றுநீரிலுள்ள உயிர்வளி முழுவதையும் உறிஞ்சிவிடும். மீன்கள் மூச்சுத்திணறி இறக்கும். நீர் கறுத்து நாறும். நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு உயிர்வளி தேவைப்படும் என்பதே மாசின் அளவுகோல். வீட்டுச் சாக்கடை நீரில் இது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம். செம்பனை ஆலைக் கழிவுநீரில் ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். 1970-களில் தீபகற்பத்தின் பல ஆறுகள் இதனால் சீரழிந்தன. ஆற்றங்கரையில் மீன்பிடித்து வாழ்ந்தவர்களும் ஆற்றுநீரையே நம்பியிருந்த கம்பத்து மக்களும் அதன் விலையைச் செலுத்தினார்கள்.

1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1977-இல் செம்பனை ஆலைகளுக்கான தனி விதிகள் வந்தன. அவ்விதிகளின் அமைப்பு பாராட்டுக்குரியது. ஆலைகளை ஒரே நாளில் மூடச் சொல்லவில்லை. படிப்படியாக இறங்கி வரச் சொல்லின. 1978 சூலை முதல் வரம்பு 5,000 மில்லிகிராம், அடுத்த ஆண்டு 2,000, அதற்கடுத்து 1,000, 1981-இல் 500, 1984-இல் 100. ஆற்றில் விடும் மாசின் அளவுக்கேற்ப உரிமக் கட்டணமும் விதிக்கப்பட்டது. வரம்புக்குள் இருந்தால் டன்னுக்கு 10 ரிங்கிட். மீறினால் 100 ரிங்கிட். முதலாண்டில் கட்டணம் செலுத்தித் தப்பிக்க வழியிருந்தது. இரண்டாம் ஆண்டு முதல் வரம்பே கட்டாயமாயிற்று. சுத்திகரிப்பு ஆராய்ச்சியில் ஈடுபட்ட ஆலைகளுக்குக் கட்டணச் சலுகையும் இருந்தது.

பலன் என்ன? அதுவரை ‘இதற்கு வழியே இல்லை’ என்றிருந்த தொழில்துறை சில ஆண்டுகளுக்குள் வழியைக் கண்டது. கழிவுநீரை வரிசையான குளங்களில் தேக்கினால், உயிர்வளி வேண்டாத நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று தீர்க்கின்றன. தெளிந்த நீரையும் அடியில் தங்கும் வண்டலையும் தோட்டத்துக்கே உரமாக இடமுடிந்தது. செம்பனை எண்ணெய் உற்பத்தி பன்மடங்கு பெருகிய அதே காலத்தில் ஆறுகளில் கலந்த ஆலை மாசு குறைந்தது.

அந்தக் குளங்களிலிருந்து மீத்தேன் என்னும் எரிவளி கிளம்புகிறது. 1917-இல் செம்பனை வேரூன்றிய அதே தென்னமாரத்தில், 1980-களில் அவ்வளியைத் தொட்டியில் பிடித்து இயந்திரம் ஓட்டி மின்சாரம் எடுத்துக் காட்டினார்கள். ஆனால், நாருக்கும் ஓட்டுக்கும் பஞ்சமில்லாத ஆலைகளுக்கு அந்த மின்சாரம் தேவைப்படவில்லை, வாங்குவாரும் இல்லை. ஆகவே பெரும்பாலான குளங்கள் திறந்தே கிடந்தன. மீத்தேன் புவிவெப்பத்தை மிகுவிக்கும் வளி என்னும் கவலை வலுத்த பின்னரே, 2014 சனவரி முதல் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கம் செய்யும் ஆலைகளுக்கும் அதைப் பிடிப்பது கட்டாயமாக்கப்பட்டது. நுட்பத்தை அறிந்த பிறகும் முப்பது ஆண்டுகள் கடந்திருக்கின்றன. அறிவு மட்டும் போதாது. சட்டமும் சந்தையும் துணைவர வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது.

தீயில்லா மறுநடவு

முதிர்ந்த தோட்டத்தை அழித்து மறுநடவு செய்யும்போது தீ வைப்பதே நெடுநாள் வழக்கம். 1980-களின் பிற்பாதியில் கோல்டன் ஹோப் தோட்ட நிறுவனம் தீயில்லா மறுநடவு முறையைச் சோதித்து நிலைப்படுத்தியது. செம்பனைத் தண்டுகளைச் சாய்த்து, சிறு சிறு சீவல்களாக்கி, வரிசையாகப் பரப்பி, நிலத்தை மூடும் பயற்றங்கொடிகளை வளர்த்து, நடுவே புதிய கன்றுகளை நடுவதே அம்முறை. 1992-இல் அந்நிறுவனத்துக்கு ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘குளோபல் 500’ விருது கிடைத்தது. 1997-இல் நம்மையெல்லாம் வருத்திய புகைமூட்டத்திற்குப் பின், 1998-இல் சட்டத்திருத்தத்தின் வழி மலேசியாவில் திறந்தவெளி எரிப்பு தடைசெய்யப்பட்டது.

இம்முறையிலும் தொல்லை இல்லாமல் இல்லை. மக்கும் தண்டுகளில் காண்டாமிருக வண்டு பெருகி இளங்கன்றுகளைத் தாக்குகிறது. கேனோடெர்மா என்னும் பூஞ்சை நோயும் பழைய அடித்தண்டுகளில் தங்கிப் பரவுகிறது. ஆகவேதான் சீவல்கள் மெல்லியவையாகவும் விரைவில் மக்குபவையாகவும் இருக்கவேண்டும் என்கிறார்கள்.

மரத்துக்கு மறுவாழ்வு, மனிதர்க்கு?

இவ்வரலாற்றைப் படிக்கும்போது என் உள்ளத்தை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. ரப்பர் மரம் விறகு நிலையிலிருந்து அறைகலனாக உயர்ந்த அதே காலத்தில்தான், அம்மரத்தில் பால் வெட்டியவர்கள் தோட்டங்களை விட்டு வெளியேறினார்கள். ரப்பரை விடச் செம்பனைக்கு ஆள் குறைவாகவே தேவை. பின்னர்ப் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. மூன்று தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தும் சொந்த வீடில்லாத குடும்பங்கள் நகர்ப்புறப் புறம்போக்கு நிலங்களில் ஒதுங்கின. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் மாணவரின்றி நலிந்தன.

ஒரு மரத்தின் கடைசிச் சீவலுக்கும் பயன் கண்டவர்கள், அம்மரத்தை வளர்த்த மனிதர்களுக்கு மாற்றுத் தொழிலும் மனையும் காண அதே அக்கறை காட்டியிருக்கலாம். கழிவைச் செல்வமாக்கிய பெருமையைப் பேசும்போது இதையும் பேசுவதே நேர்மையான வரலாறு. நாற்றமெடுத்த கட்டிப்பாலைப் பையில் சுமந்த தாய்மாரின் பெயர் எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் இல்லை. அதை நம் வகுப்பறையிலாவது நினைவுகூர வேண்டும்.

வீட்டிலும் பள்ளியிலும்

2012-ஆம் ஆண்டின் ஆய்வொன்றின்படி மலேசிய வீடுகளின் குப்பையில் ஏறத்தாழ 45 விழுக்காடு உணவுக்கழிவே. 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில், 2015 செப்டம்பர் முதல் வீட்டுக்குப்பையைத் தரம் பிரிப்பது கட்டாயமாயிற்று. என்றாலும் சோறும் காய்கறியும் நெகிழிப் பையில் கட்டுண்டு குப்பைமேட்டுக்குச் சென்றால் என்ன நேரும்? காற்றில்லாத அவ்விடத்தில், ஆலைக்குளத்தில் நடந்த அதே வேலை நடக்கும். அதே மீத்தேன் கிளம்பும். நம் பாட்டியின் கழுநீர்த் தொட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆசிரியர்களுக்குச் சில பரிந்துரைகள். மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டியிடம் மங்கு, கட்டிப்பால், கழுநீர் ஆகிய சொற்களுக்குப் பொருள் கேட்டு எழுதி வரட்டும். சிற்றுண்டிச்சாலையில் ஒரு வாரம் எஞ்சும் உணவை நிறுத்துப் பட்டியலிடட்டும். கணிதப் பாடத்துக்கும் அது உதவும். காய்கறித் தோலையும் உலர்ந்த இலையையும் மாறிமாறி அடுக்கி, அவ்வப்போது கிளறிக் காற்றோட்டம் தந்து, பள்ளித் தோட்டத்துக்கு எரு செய்யலாம். நாற்றம் எழுந்தால் காற்றுப் போதவில்லை என்று பொருள். கிளறி, உலர்ந்த இலையைச் சேர்த்தால் சரியாகும்.

பெற்றோரே, இதைப் பள்ளியின் வேலையென்று விட்டுவிடாதீர்கள். சமையலறையில் இரண்டு வாளிகள் போதும். ஒன்று காய்கறித் தோலுக்கு, மற்றொன்று ஏனையவற்றுக்கு. பிள்ளை கேட்கும்போது தோட்டத்துக் கதையைச் சொல்லுங்கள். கதை தெரியாதென்றால் வீட்டிலுள்ள முதியவரைக் கேளுங்கள். அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.